இதயத் தசைத் தடிப்பும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, ஓரிரு முறை மயங்கியும் விழுந்தாயிற்று. எக்கோ (ஒலி அலை கொண்டு இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) பார்த்த மருத்துவர் தாளில் ‘எச்.ஓ.சி.எம்.’ என்று எழுதித் தருகிறார். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் தசைச் சுவர் தடித்து, இரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிறது என்று பொருள்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெஞ்சைத் திறந்து தடித்த தசையைச் செதுக்கி எடுப்பது. மற்றொன்று, 1994இல் லண்டனில் முதலில் செய்யப்பட்ட ஆல்கஹால் முறை. தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்தச் சுவருக்குப் போகும் சிறு இரத்தக் குழாயில் 1 முதல் 3 மில்லி வரை தூய ஆல்கஹாலை விடுகிறார்கள். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத அளவுதான். அந்த இடத்துத் தசை மட்டும் செத்து, நாளடைவில் சுருங்கிப் பாதை விடுகிறது. சிலருக்கு இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் கருவியான பேஸ்மேக்கர் நிரந்தரமாகத் தேவைப்படலாம். இரத்தக் குழாயின் அமைப்பு ஒத்துவராதவர்களுக்கு இம்முறை உதவாது.

இனி பணம். தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கி, 2018இல் ஒன்றிய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். சிகிச்சைக்குக் கிடைக்கும் உச்ச வரம்பான ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான், தலைக்கு அல்ல. அப்பாவுக்கு அதே ஆண்டில் ஸ்டென்ட் வைத்திருந்தால் மிச்சம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பிறவியிலிருந்தே உள்ள நோய், பழைய நோய் என்று காரணம் காட்டித் தள்ள முடியாது. பரம்பரையாக வரும் இந்த நோய்க்கு இது பெரிய ஆறுதல்.

காப்பீட்டு அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போகவேண்டும். இரண்டு அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான்.

பலரும் சறுக்குவது சிகிச்சையின் பெயரில். திட்டம் பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் பணம் தருகிறது. முன் அனுமதியும் அந்தப் பெயரில்தான் வரும். ‘சின்னத் துளை ஆபரேஷன்’ என்று நாம் சொல்வது அங்கே இருக்காது. ஆயுஷ்மான் பட்டியலில் ஆல்கஹால் முறை ‘செப்டல் மயோகார்டியல் அப்ளேஷன்’ என்ற பெயரில் இருக்கிறது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், எந்தப் பெயரில் அனுமதி கேட்கிறீர்கள், அந்தச் சிகிச்சைக்கு இந்த மருத்துவமனை அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் அதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று சேருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். அனுமதித்த சிகிச்சைக்குக் கையிலிருந்து பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லாரும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டிக்கொடுத்த மகளின் பெயர் புகுந்த வீட்டுக் குடும்ப அட்டையில் இருக்கும். சிகிச்சை தேவைப்பட்டால் அவருக்கு அந்த வீட்டுக் காப்பீட்டு அட்டைதான் செல்லும். இங்குள்ள அட்டை செல்லாது.