தேரி மண் கொய்யா: உர அளவைக் கூட்டாதீர்கள், தவணையைக் கூட்டுங்கள்

திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி எனும் செம்மணல் மேட்டில் கொய்யா வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூட்டை மூட்டையா உரம் போடுறேன் சார், காய் ஏன் சிறுத்தே கிடக்கு?"

போட்ட உரம் மரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தேரி மணலில் களிமண்ணும் மக்கும் மிகக் குறைவு. சத்தைப் பிடித்து வைக்க அங்கே எதுவுமில்லை. யூரியா தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும், பொட்டாஷும் நிற்காது. ஒரு தோட்டத்தில் அரை வருட யூரியாவைத் தூரைச் சுற்றிக் கொட்டி, உடனே மோட்டாரைப் போட்டுப் பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினார்கள். கொஞ்ச நாள் இலை கரும்பச்சையாக இருந்தது. பிறகு அடியிலையெல்லாம் வெளுத்துப்போனது. இப்படி இறங்குகிற தழைச்சத்து நைட்ரேட்டாகிக் கிணற்றுக்குத்தான் போகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், தழை, மணி, சாம்பல் சத்து தலா 1 கிலோ. மார்ச், அக்டோபர் என இரண்டு தவணை. இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அளவு சரிதான், ஆனால் மணலுக்கு இரண்டு தவணை போதாது என்பது என் அனுபவம். அதையே ஆறாகப் பிரியுங்கள். சத்துக் கணக்கை உர எடையாக மாற்றினால், தவணைக்கு யூரியா 360 கிராம், பொட்டாஷ் 280 கிராம் வரும். சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் தொழுவுரத்தோடு கலந்து இரண்டு முறையில் முடித்துக்கொள்ளலாம். கிணறு உவர்ப்பாக இருந்தால் வழக்கமான மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். சொட்டுநீர் உள்ளவர்கள் வாராவாரம் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் அன்றைக்கு உரமே வேண்டாம்.

உரத்தைத் தூரில் கொட்டாதீர்கள். உச்சி வெயிலில் மரத்தின் நிழல் எங்கே முடிகிறதோ, அந்த வட்டத்தை ஒட்டிக் கொத்திப் போட்டு மூடுங்கள். சத்து உறிஞ்சும் சல்லிவேர் அங்கேதான் அதிகம்.

உரத்துக்குச் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை மண்ணுக்கு ஒதுக்குங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். குளத்துக் கரம்பை (வண்டல் மண்), ஆட்டுக்கிடை, மக்கிய தென்னை நார்க்கழிவு எல்லாமே உதவும். கொளுஞ்சி என்ற பசுந்தாள் உரச்செடி மணலிலும் நன்றாக வளரும். பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காய் வெடித்து, கல்லாக இறுகினால் போரான் குறையாக இருக்கலாம். 10 லிட்டர் டேங்குக்கு 30 கிராம் போராக்ஸ். முதலில் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளியுங்கள்.