செயலற்ற குளிரூட்டலா, அமைவுக் குளிர்ச்சியா?

கோடையைத் தாங்கும் கட்டடங்கள் பற்றிய சிறுநூல் ஒன்றின் தமிழாக்கத்தை மெய்ப்புப் பார்க்கும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. அதில் ஒரு படத்தின் கீழே, 'செயலற்ற குளிரூட்டலுடன் இயங்கும் பள்ளி' என்று அச்சிட்டிருந்தார்கள். அருகில் அமர்ந்து எட்டிப் பார்த்த கொத்தனார் நண்பர், "ஏசி கெட்டுப்போன பள்ளிக்கூடமா?" என்று கேட்டார். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. அந்தச் சொற்கள் தமிழில் தரும் பொருளைத்தான் சொன்னார்.

'செயலற்ற குளிரூட்டல்' என்று அவர்கள் பெயர்த்திருந்தது 'பாசிவ் கூலிங்' என்ற ஆங்கிலத் தொடரை. அதன் பொருள் எளிது. எந்திரத்தை இயன்றவரை நாடாமல், கட்டடம் பார்க்கும் திசை, சுவரின் கனம், நிழல், காற்றோட்டம் ஆகியவற்றைக் கொண்டே வெப்பம் உள்ளே ஏறாமல் காப்பதும் ஏறியதை வெளியேற்றுவதும் அது. 'துன்புறு, தாங்கு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் 'பாசிவ்'. நோயாளியைக் குறிக்கும் 'பேஷண்ட்' அதன் உடன்பிறப்பு. கட்டடத் துறையில், பம்பும் விசிறியும் வைத்து வெப்பத்தைக் கடத்தினால் 'ஆக்டிவ்' என்றும், சுவரும் சன்னலுமே அதைச் செய்தால் 'பாசிவ்' என்றும் பிரித்தார்கள். பிரிவினை எந்திரத்தைப் பற்றியதே ஒழியச் செயலைப் பற்றியதன்று.

தமிழில் ஒன்று 'செயலற்றுப் போனது' என்றால் அது இயக்கம் நின்று கிடக்கிறது என்று பொருள். நன்கு அமைந்த கட்டடமோ கோடை முழுவதும் ஓயாமல் வேலை செய்கிறது. கனமான சுவர் பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி, அது அறையை எட்டுவதைப் பல மணி நேரம் தாழ்த்துகிறது. வெளிக்காற்று தணிந்த இரவில் சன்னல்களைத் திறந்துவிட்டால் அந்தச் சூடு வெளியேறி, மறுநாளைக்குச் சுவர் மீண்டும் ஆயத்தமாகிறது. வெயில் ஏறுமுன் அச்சன்னல்களைச் சாத்த மறந்தால் இரவின் பயன் வீணாகும் என்பதால், குடியிருப்பவருக்கும் இதில் வேலை உண்டு. மேற்குச் சன்னலில் மாலைச் சூரியன் தாழ்ந்து நேராக அடிப்பதால், மேலே நீட்டிய சஜ்ஜா அங்கே பெரிதும் உதவாது. பக்கவாட்டில் நிற்கும் தடுப்போ தட்டியோ வேண்டும். அந்தத் தட்டியையும் வெளியே கட்ட வேண்டும். உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டால், வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து திரையைச் சூடாக்க, அந்தச் சூட்டில் பெரும்பங்கு அறையிலேயே தங்கிவிடும். ஈரானின் யாஸ்த் நகரத்துக் காற்றுக்கோபுரங்கள் மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழறைகளுக்கு இறக்குகின்றன. இவையெல்லாம் செயலற்றவை என்றால் செயல் எதுவோ!

அடைமொழியைப் போலவே பெயர்ச்சொல்லும் பிழைபட்டது. உண் என்பதன் பிறவினை ஊட்டு. ஊட்டுவதற்கு ஒருவர் வேண்டும். ஆகவே 'செயலற்ற குளிரூட்டல்' என்பது ஒன்றும் செய்யாதவர் ஊட்டும் சோறு. ஏசியும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறதே தவிரக் குளிரை ஊட்டவில்லையே என்று இயற்பியல் அறிந்தோர் கேட்கலாம். உண்மைதான், ஆயினும் அங்கே மின்சாரத்தைத் தின்று வேலை செய்யும் எந்திரம் ஒன்று இருப்பதால், 'குளிரூட்டி' என்ற பெயர் அதற்குப் பொருந்துகிறது.

'இயற்கைக் குளிரூட்டல்' என்போரும் உளர். ஆனால் கணக்கிட்டு வைத்த சன்னலும் வெள்ளை பூசிய கூரையும் இயற்கை அல்ல, மனிதத் திட்டம். 'மின்சாரமில்லாக் குளிரூட்டல்' என்பதும் சரிவராது. எரிவாயுவின் வெப்பத்தால் ஓடும் குளிர்பதன எந்திரங்களும் உண்டு.

நான் ஆளும் சொல் 'அமைவுக் குளிர்ச்சி'. அமைத்தலிலிருந்து அமைப்பு வருகிறது; அமைதலிலிருந்து, அதாவது தன்வினையிலிருந்து, அமைவு வருகிறது. குளிர்ச்சியும் தன்வினையில் பிறந்ததே. இரண்டும் சேரும்போது, எவரும் ஊட்டாமல், கட்டடம் அமைந்த விதத்தாலேயே உண்டாகும் குளிர்ச்சி என்ற பொருள் விளக்கமின்றியே கிடைக்கிறது. 'அமைவு' மென்மையான சொல், துறைச்சொல்லுக்குரிய கூர்மை அதில் இல்லை என்று ஒருவர் குறை கூறினார். கொத்தனாருக்குப் புரிகிற சொல்லின் கூர்மை எனக்குப் போதும்.

இந்தப் பிழை கட்டடத்தோடு நிற்கவில்லை. அடுத்தவர் விடும் புகையை மூச்சில் வாங்குவதைச் 'செயலற்ற புகைபிடித்தல்' என்கிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் மக்கள் குடியேறிய முதல் 'பாசிவ் ஹவுஸ்', அதாவது மிகக் குறைந்த ஆற்றலில் இதமாக இருக்கும்படி கட்டிய வீடு, தமிழில் 'செயலற்ற வீடு' ஆகி, பாழடைந்த வீடாகிவிட்டது. ஒரே ஆங்கிலச் சொல் எங்கே வந்தாலும் ஒரே தமிழ் மூடியைப் போடும் பழக்கம் இது. முன்னையோர் இப்படிச் செய்யவில்லை. இலக்கணத்தில் அதே 'பாசிவ்' செயப்பாட்டுவினை ஆயிற்று. அதே லத்தீன் வேரிலிருந்து வந்து, இயேசு பட்ட துன்பங்களைக் குறிக்கும் 'பாஷன்', கிறித்தவ வழக்கில் 'திருப்பாடுகள்' ஆயிற்று. படுதலும் பாடும் தாங்குதலைச் சொல்லும் சொற்களாதலால், அவர்கள் வேரையே தொட்டுவிட்டார்கள். கட்டடத்துக்குப் 'பாடு' ஒத்துவராது என்பது வேறு. சொல்லைவிட்டுப் பொருளைத் தேடிய அந்தப் பழக்கம்தான் எனக்கு வேண்டியது.

படத்தின் கீழிருந்த வரியை 'அமைவுக் குளிர்ச்சி கொண்ட பள்ளி' என்று திருத்தி அனுப்பினேன். நூல் வந்தபோது 'செயலற்ற' என்பதே இருந்தது. கேட்டதற்கு, இணையத்தில் தேடினால் அதுதான் நிறைய வருகிறது என்றார்கள்.