‘ஐ7’ ஸ்டிக்கரை நம்பி மடிக்கணினி வாங்காதீர்கள்

பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் சென்ற வாரம் தம் மகளுடன் எங்கள் சர்வீஸ் கடைக்கு வந்தார். மகள் பி.ஆர்க். (கட்டடக்கலை) முதலாண்டு. 38,000 ரூபாய் கொடுத்து வாங்கிய மடிக்கணினியைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்தார். மூடியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவர்கள் இன்னும் உரிக்கவில்லை. “ஐ7-ங்க, 1 டிபி-ங்க, இதுக்கு மேல எதுவும் இல்லைன்னு கடையில சொன்னாங்க. ஆனா காலேஜ்ல கேக்கற சாஃப்ட்வேர் ஏறவே மாட்டேங்குதுங்க” என்றார்.

திறந்ததுமே என் கண்ணில் பட்டது ஸ்பேஸ் பார்தான். இரண்டு ஓரமும் சொரசொரப்பாக இருக்க, கட்டை விரல் படுகிற நடுப்பகுதி மட்டும் தேய்ந்து கண்ணாடிபோல் மின்னியது. ஏதோ ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு, துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டப்பட்டு அந்தப் பெண்ணின் கைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருந்த பிராசசர், அதாவது கணினியின் மூளையான சிப், ஐ7-7500யூ; 2016-இல் வெளியானது. ராம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் தற்காலிக நினைவகம், 8 ஜிபி. அந்த ‘1 டிபி’ என்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். இந்த ஜூன் மாதத்திலிருந்து என் மேசைக்கு இப்படி வந்த எட்டாவது மடிக்கணினி இது. எட்டுப் பெற்றோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “ஐ7 தானுங்களே உசத்தி?”

இல்லை. இதைப் பொறுமையாக விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறுகளும் இந்த ஒரு தவறான நம்பிக்கைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே ஆண்டில், ஒரே வகையில் வெளிவந்த பிராசசர்களுக்குள் தரம் பிரிக்க இன்டெல் வைத்த பெயர்கள். ஆண்டு மாறினால் அந்த ஒப்பீடு செல்லாது. 2016-இன் ஐ7-7500யூ-வில் இருப்பவை இரண்டே கோர்கள் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பிரிவுகள்). 2022-இல் வந்த ஐ3-1215யூ-வில் ஆறு கோர்கள் இருக்கின்றன. அதாவது, அந்தத் தந்தை வேண்டாமென்று ஒதுக்கிய ஐ3, அவர் வாங்கிய ஐ7-ஐவிடப் பல மடங்கு வலுவானது. அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

எனவே ‘ஐ’ பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். அந்த எண் 1 என்று தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களும், வேறு எண்ணில் தொடங்கினால் முதல் இலக்கம் மட்டும், அந்த பிராசசர் எத்தனையாவது தலைமுறை என்பதைக் காட்டும். 7500 என்றால் ஏழாவது. 1235 என்றால் பன்னிரண்டாவது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு வைத்த கோடு ஏறக்குறைய எட்டாவது தலைமுறையில் விழுகிறது. அதற்கு முந்தையவற்றை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அது ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நான்கைந்து ஆண்டுப் படிப்புக்கு வாங்கும் கணினி முதல் நாளிலேயே காலாவதியாகி வீட்டுக்கு வருவதை என்னவென்று சொல்வது?

ஒரே தலைமுறைக்குள்ளும் ‘ஐ7’ என்ற பெயர் ஏமாற்றும். ஐ5-1235யூ, ஐ7-1255யூ இரண்டிலும் பத்துப் பத்துக் கோர்கள்தான்; வேகத்தில் சிறு வித்தியாசம், விலையில் பெரிய வித்தியாசம். ஆனால் அதே தலைமுறையைச் சேர்ந்த ஐ5-12500எச் பன்னிரண்டு கோர்கள் கொண்டது. கனமான வேலைகளில் அந்த ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். கடைசி எழுத்துதான் காரணம். ‘யூ’ மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து பேட்டரியைக் காக்கும் வகை. ‘எச்’ கூடுதல் மின்சாரம் எடுத்துக் கூடுதல் வேலை செய்யும் வகை. 2023 இறுதியிலிருந்து இன்டெல் புதிய வரிசைகளின் பெயரில் இருந்த ‘ஐ’ எழுத்தையே எடுத்துவிட்டு ‘கோர் 5’, ‘கோர் அல்ட்ரா 5’ என்று விற்கிறது. பெயர் மாறினாலும் முழு எண்ணையும் கேட்க வேண்டிய அவசியம் மாறவில்லை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர் வாங்குகிறவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. 2 என்று இருந்தால் அது 2019-இல் அறிமுகமான ஜென் 2. அப்படி 2 இருக்கும் 7520யூ-வில் நான்கு கோர்கள்தான். 3 என்று இருக்கும் 7530யூ-வில் ஆறு கோர்கள். தொழிலில் இருக்கும் எங்களுக்கே சில நேரம் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், முதன்முதலாகக் கணினி வாங்கும் குடும்பம் என்ன செய்யும்?

பிராசசரை அடுத்து ராம். இன்றைக்கு 8 ஜிபி என்பது கலை, இலக்கிய, வணிகவியல் மாணவர்களுக்குப் போதும்; பொறியியலுக்கும் கட்டடக்கலைக்கும் போதாது. கட்டடங்களை வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளின் அண்மைப் பதிப்புகள் குறைந்தபட்சமாகவே 16 ஜிபி கேட்கின்றன. ‘இப்போது 8 வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்’ என்பது நல்ல யோசனைதான், கூட்டுவதற்கு இடம் இருந்தால். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைச் சாதாரணமாகக் கழற்றவோ சேர்க்கவோ முடியாது. காட்சிக்கு வைத்த கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கிப் பாருங்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற இடத்தில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று இருந்தால் பற்றவைத்தது; ‘சோடிம்’ என்று இருந்தால் கழற்றி மாட்டலாம். ஒரு நிமிட வேலை இது. தயங்காமல் கேளுங்கள், பணம் உங்களுடையது.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் கணினியை 2 டிபி கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுழலும் பாகமே இல்லாத 512 ஜிபி எஸ்எஸ்டி வேகத்தில் அதைவிட மேல். மலிவு மாடல்களில் ‘இஎம்எம்சி’ என்ற சேமிப்பு வரும். அது எஸ்எஸ்டி அல்ல, பெரும்பாலும் மாற்றவும் முடியாது.

அடுத்து, துறையைக் கேட்காமல் கணினி சொல்லும் உறவினர்கள். இயந்திரப் பொறியியல் சேரும் பையனுக்கு ‘ஆப்பிள்தான் நிலைத்து உழைக்கும்’ என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். உழைக்கும், மறுக்கவில்லை, ஆனால் இயந்திர பாகங்களை வடிவமைக்கும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. ரெவிட்டும் ஓடாது, பி.காம். மாணவருக்கு வேண்டிய டேலியும் ஓடாது. இன்னொரு பக்கம், வணிகவியல் படிக்கும் பெண்ணுக்கு கேமிங் லேப்டாப் வாங்கித் தருகிறார்கள். சார்ஜரோடு சேர்ந்து மூன்று கிலோ வரை எடை. மின் இணைப்பு இல்லாத வகுப்பறையில் மதியத்துக்குள் பேட்டரி அடங்கிவிடும். முதலில் கல்லூரியில் அந்தத் துறையின் சீனியர் ஒருவரிடம் கேட்டு, மூன்றாம் ஆண்டு வரை பயன்படுத்தும் மென்பொருள்களின் பெயர்களை எழுதி வாங்குங்கள். பிறகு கடைக்குப் போங்கள்.

மென்பொருளுக்கென்று கடையில் தனியாக மூவாயிரம் ரூபாய் கட்டாதீர்கள். மாணவர் என்று உறுதிப்படுத்தினால் ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் மென்பொருள்கள் இலவசம். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸும் பல கல்லூரிகளில் கல்லூரி மின்னஞ்சல் இருந்தால் இலவசமாகக் கிடைக்கிறது. ‘லைஃப்டைம்’ என்று ஏற்றிக் கொடுக்கும் திருட்டுப் பதிப்புகளோடு வைரஸும் சேர்ந்து வருகிறது. அதை எடுப்பதற்கும் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள்.

இதைவிட வருத்தமான ஒன்று இருக்கிறது. புதுக் கணினியைக் கடைக்காரரே தம் மின்னஞ்சல் கணக்கை இட்டுத் தயார்செய்து கொடுத்துவிடுகிறார். இன்றைய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்ததுமே டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு, அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது. ஓராண்டு கழித்து மதர்போர்டு பழுதாகும்போது அந்த எண்ணைக் கேட்கும் நீலத் திரை வரும். எண் யாரோ ஒருவருடைய கணக்கில் இருக்கும், கணக்கின் கடவுச்சொல் அவருக்கே மறந்திருக்கும். இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் உள்ளே கிடக்க, கண் கலங்கி நின்ற ஒரு மாணவியிடம் ‘என்னால் எதுவும் செய்ய முடியாதம்மா’ என்று நான் சொல்ல நேர்ந்தது. தயவுசெய்து உங்கள் பிள்ளையின் சொந்தக் கணக்கில் மட்டும் தொடங்குங்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

பழைய கணினி வாங்குவதை நான் தடுக்கவில்லை. எட்டாவது அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறை அலுவலகக் கணினிகள் பல, புதிய மலிவு மாடல்களைவிட உறுதியானவை. ஆனால் பில்லில் ‘பழையது’ என்று எழுதித்தரச் சொல்லுங்கள், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரையில்) கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், திரையைப் பத்து முறை மூடித் திறந்து கீல் ஆடுகிறதா என்று பாருங்கள்.

பல்லடத்துப் பெண்ணின் கணினியில் நல்லவேளையாக ராம் மாட்ட ஓர் இடம் காலியாக இருந்தது. ராமை 16 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தேன். முதலாண்டில் பெரும்பாலும் கையால் வரைவதால் சமாளித்துவிடலாம். இரண்டாமாண்டின் நடுவில் வேறு வாங்கத்தான் வேண்டும் என்றும் சொன்னேன். அந்தத் தந்தை மகளைப் பார்த்துவிட்டு, “வாங்கறதுக்கு முன்னாடியே இங்க வந்திருக்கணுமுங்க” என்றார். அதையேதான் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் பிராசசரின் முழு எண்ணையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு சர்வீஸ் கடையில் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும். நான் அதற்குக் காசு வாங்குவதில்லை.