கோடு எல்லாப் புள்ளியையும் தொட்டால் போதுமா?

இந்தத் தவணையும் மாணவர்களிடமிருந்து அதே மாதிரி அட்டவணைதான் என் மேசைக்கு வந்தது. திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் ஆறு ஆழங்களில் மட்டும் வெப்பநிலை அளந்திருக்கிறார்கள். இடையிலுள்ள எண்களை எல்லாம் எக்செல் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு வளைகோட்டைப் பொருத்திப் போட்டுக் கொடுத்திருக்கிறது. கேட்டால், "கோடு எல்லாப் புள்ளியிலயும் போகுது சேர், ஆர் வர்க்கம் 1" என்கிறார்கள். கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண்தான் ஆர் வர்க்கம்; 1 என்றால் முழுப் பொருத்தம்.

ஆறு புள்ளிக்கு ஐந்தாம் படிப் பல்லுறுப்பியை, அதாவது ஆழத்தின் ஐந்தாம் அடுக்கு வரை போகும் கோவையைப் பொருத்தினால் ஆர் வர்க்கம் 1 வராமல் வேறென்ன வரும்? வெப்பநிலைக்குப் பதிலாக உங்கள் போன் நம்பரின் இலக்கங்களைப் போட்டாலும் 1 தான் வரும். புள்ளிகளுக்கு நடுவே கடல் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த 1 ஒன்றுமே சொல்லாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நம் பக்கத்துக் கடலுக்கு ஒத்துவருகிற மாதிரி நானே எடுத்த எண்கள்: மேற்பரப்பில் 29 பாகை செல்சியஸ், 50 மீட்டரில் 28, 100இல் 22, 200இல் 14, 500இல் 10, 1000இல் 6. இந்த ஆறையும் தொடும் பல்லுறுப்பி 750 மீட்டரில் என்ன சொல்கிறது தெரியுமா? −193 பாகை! கடல்நீர் −2க்குக் கிட்டவே உறைந்துவிடும்.

சரி, இதை யாரும் நம்பமாட்டார்கள். என் பயம் 300 மீட்டர்தான். அங்கே அதே கோடு 19.4 என்கிறது. பார்வைக்கு நல்ல எண், அட்டவணையில் யார் கண்ணிலும் குத்தாது. ஆனால் 200இல் 14, 500இல் 10 என்று அளந்திருக்கிறோம். நடுவில் 19.4 எங்கிருந்து வந்தது? சாதாரண நேர்கோடே 12.7 தருகிறது. இந்த 19.4ஐ வைத்து ஒலிவேகம் கணித்தால் செக்கனுக்கு 20 மீட்டர் அளவில் பிழைக்கும். பிறகு ஒலியால் தூரம் அளக்கும் சோனார் கருவியைக் குறை சொல்வார்கள்.

படி கூடக்கூடக் கோடு இப்படி ஊசலாடும் என்பதை ஜெர்மன் கணிதவியலாளர் ருங்கே 1901இலேயே காட்டிவிட்டார். எக்செல் வரைபில் காட்டும் சமன்பாட்டை அப்படியே கொப்பி பண்ணுகிறவர்களுக்கு இன்னொன்று: அதிலுள்ள குணகங்கள் மட்டந்தட்டியவை. விடை இன்னும் கெடும்.

தயவுசெய்து இனியாவது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு போடுங்கள். வளைவுதான் வேண்டுமென்றால் ஃபிரிட்ச், கார்ல்சன் என்ற இருவர் 1980இல் தந்த முறை இருக்கிறது. அளவுகள் இறங்கும் இடத்தில் கோடு மேலே ஏற அது விடாது. ஆனால் எந்த முறையும் அளக்காததை அளந்ததாக்காது. வெப்பம் மளமளவென்று இறங்கும் 50–200 மீட்டரில் நெருக்கமாக அளந்துகொண்டு வாருங்கள், அங்கே நேர்கோடும் ஏமாற்றும்.

திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக்குடாவில் எடுத்ததைக் குடாவுக்கு வெளியே ஆழப் பள்ளத்துக்குப் பொருத்தவே வேண்டாம். மாரியில் மகாவலித் தண்ணீர் வந்து விழுகிற இடம் அது. மேலே நன்னீர் பரவியிருக்கும் நாட்களில் மேற்பரப்பு கொஞ்சம் குளிர்ந்து, அதன் கீழே சற்றுச் சூடாக இருப்பதும் உண்டு. அளவிலேயே அப்படி வந்திருந்தால், பிழை என்று அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

1000 மீட்டரோடு அளவு முடிந்தால் அட்டவணையும் அங்கேயே முடியட்டும். அப்புறம், மூல எண்களையும் சேர்த்து அனுப்புங்கள் பிள்ளைகளே. எது அளந்தது, எது கணித்தது என்று பக்கத்தில் ஒரு நிரலில் குறித்துவிடுங்கள்.