மிச்சத்தின் கணக்கு: ஜிடிபியில் ஒரு துறையின் பங்கை எப்படி அளக்கிறார்கள்?

2023-24 நிதியாண்டில் இந்தியப் பொருளாதாரத்தில் வேளாண்மையின் பங்கு 17.7%, தொழில்துறையின் பங்கு 27.6%, சேவைத்துறையின் பங்கு 54.7% என்று மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை சொன்னது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடம் செய்யும் எண்கள் இவை. ஆனால் அந்த 17.7 என்பது எதில் 17.7? விளைச்சலை விற்று வந்த மொத்தப் பணம் என்று நினைத்தால் தவறு. ஒரு துறை பிறரிடம் வாங்கிப் பயன்படுத்தியதையெல்லாம் கழித்த பிறகு அதன் கையில் நிற்கும் மிச்சம்தான் அதன் பங்கு. அந்த மிச்சத்தைத் துறைக்குத் துறை வேறு வேறு விதமாக அளக்கிறார்கள். சில இடங்களில் தராசு இருக்கிறது, சில இடங்களில் ஊகம்தான் இருக்கிறது. அட்டவணையில் அடுத்தடுத்து நின்றாலும் எல்லா எண்களையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அவற்றைப் படிக்க வேண்டும்.

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. விவசாயி விதை, உரம், பூச்சிமருந்துக்கு 20 ரூபாய் செலவழித்துப் பருத்தியை 60 ரூபாய்க்கு விற்கிறார். அவர் கூட்டிய மதிப்பு 40. நூற்பாலை அந்தப் பருத்தியை வாங்கி, மின்சாரம் முதலியவற்றுக்கு 15 செலவிட்டு, நூலை 110க்கு விற்கிறது. 110இலிருந்து 60, 15 இரண்டையும் கழித்தால் 35. பின்னலாடை நிறுவனம் நூலை 110க்கு வாங்கி, சாயத்துக்கும் மின்சாரத்துக்கும் 30 கொடுத்து, ஆடையை 200க்குக் கடைக்காரரிடம் தள்ளுகிறது. மிச்சம் 60. கடைக்காரர் வாடகை, மின்கட்டணம் என்று 10 செலவிட்டு 260க்கு விற்றால் அவருக்கு 50.

நான்கு பேருடைய விற்பனையைக் கூட்டினால் 630 ரூபாய் வரும். அது ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, ஆகாது, ஏனென்றால் அதே பருத்தி அதற்குள் நான்கு முறை எண்ணப்பட்டிருக்கிறது. நான்கு மிச்சங்களின் கூட்டுத்தொகை 185. உரம், மின்சாரம், சாயம், வாடகை என்று வெளியே போன 75 ரூபாய் அந்தந்தத் துறைகளின் கணக்கில் சேரும். இரண்டும் சேர்ந்தால் 260, அதாவது ஆடையின் கடைசி விலை. சாயத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் அந்தத் தொகை மட்டும் இந்தியாவின் ஜிடிபியில் சேராது, விற்ற நாட்டுக்குப் போய்விடும்.

மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. மிச்சத்தைக் கணக்கிடும்போது தொழிலாளர் கூலியைக் கழிக்கக் கூடாது. கூலி வெளியில் வாங்கிய இடுபொருள் அல்ல. கூட்டிய மதிப்பு கூலியாகவும் லாபமாகவும்தான் பிரிகிறது. தேய்மானத்தையும் கழிப்பதில்லை. ‘மொத்த’ உள்நாட்டு உற்பத்தி என்று சொல்வது அதனால்தான், கழித்தால் அது ‘நிகர’ உற்பத்தி. கட்டட வாடகையும் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணமும் மட்டும் கழியும். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆலை தன் காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் நேரடிச் சம்பளத்தில் வைத்திருந்தால் அவர்கள் உழைப்பு, தொழில்துறையின் ஒரு பகுதியான உற்பத்தித் துறையில் சேரும். அதே ஆட்களை ஒப்பந்த நிறுவனம் மூலம் எடுத்தால் அது சேவைத்துறையில் சேரும். ஆள் அதே ஆள், வாசல் அதே வாசல். சேவைத்துறை வளர்ந்த கதையில் இந்த இடமாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாத் துறைகளின் மிச்சத்தையும் கூட்டினால் கிடைப்பது மொத்தக் கூட்டு மதிப்பு, சுருக்கமாக ஜிவிஏ. அதனுடன் ஜிஎஸ்டி, சுங்கவரி, கலால்வரி போன்ற பொருள் வரிகளைச் சேர்த்து, உணவு, உரம் போன்றவற்றின் மானியத்தைக் கழித்தால் ஜிடிபி. நம் டி-ஷர்ட்டுக்கு 5% ஜிஎஸ்டி என்றால் 13 ரூபாய் கூடி 273 ஆகும். அந்த 13 ரூபாய் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை. துறைப் பங்குகளை ஜிடிபியால் வகுக்காமல் ஜிவிஏவால் வகுப்பதற்குக் காரணம் இதுதான்.

வரி-மானியக் கணக்கு சில நேரம் படத்தையே மாற்றிவிடும். 2023 அக்டோபர்-டிசம்பர் காலாண்டுக்கு முதலில் வெளியான மதிப்பீட்டில் ஜிடிபி வளர்ச்சி 8.4%, ஜிவிஏ வளர்ச்சி 6.5%. இடைவெளிக்குக் காரணம் வயலோ ஆலையோ அல்ல. மானியம் குறைந்து நிகர வரி வேகமாக ஏறியதுதான். துறைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க அந்தக் காலாண்டில் 6.5ஐத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தலைப்புச் செய்திகளில் வந்தது 8.4.

வயலில் தராசு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் பொருளாதாரத்தை எட்டுப் பெரும் பிரிவுகளாக வைத்து எண்களை வெளியிடுகிறது. அவற்றில் மிகப் பழைய, கையால் தொட்டு அளக்கும் முறை வேளாண்மையில் இருக்கிறது.

முதலில் பரப்பு. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்பது பதிவாகும். முன்கூட்டிய மதிப்பீட்டுக்காக ஆண்டுதோறும் 20% கிராமங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே விரைவாகக் கணக்கெடுப்பார்கள். அடுத்தது விளைச்சல். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை. குலுக்கல் முறையில் எடுத்த வயலில், பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து கயிறு கட்டி, உள்ளே நிற்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுகிறார்கள். ஈரப்பதத்தைக் கழிக்க ஒரு பகுதியை உலர்த்தி மறுபடியும் எடை பார்க்கிறார்கள். அந்த 25 சதுர மீட்டரில் 12.5 கிலோ நெல் கிடைத்தால் ஹெக்டேருக்கு 5,000 கிலோ. ஒன்றை நானூறாகப் பெருக்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். கயிற்றின் மேல் நிற்கும் தூர்களை உள்ளே சேர்த்து ஒரு கிலோ கூடினால் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடிவிடும். சதுரம் சிறியதாக இருக்க இருக்க இந்த ஓரப் பிழை பெரிதாகும்.

பரப்பையும் விளைச்சலையும் பெருக்கி, அறுவடைக் கால விலையால் மதிப்பிட்டு, வைக்கோல் போன்ற துணை விளைச்சலையும் சேர்த்தால் உற்பத்தி மதிப்பு. விதை, உரம், டீசல், மின்சாரம், பாசனக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம். வீட்டுத் தேவைக்குக் குதிரில் கொட்டிய நெல்லும் இதில் உண்டு. அதே நெல் அரிசி ஆலைக்குள் போனதும் அங்கே கூடும் மதிப்பு உற்பத்தித் துறைக்குப் போகிறது. அந்த அரிசியை உணவகத்தில் சமைத்தால் சேவைத்துறையில் சேரும், வீட்டில் சமைத்தால் எதிலும் சேராது. இந்தக் கணக்கு முறையின் ஆகப் பெரிய ஓட்டை இதுவே என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

வேளாண்மை என்றதும் பயிர் மட்டும் நினைவுக்கு வரும். ஆனால் வேளாண் துறையின் கூட்டு மதிப்பில் சுமார் 30% கால்நடையிலிருந்து வருகிறது. இந்தியாவில் பாலின் உற்பத்தி மதிப்பு, நெல், கோதுமை இரண்டும் சேர்ந்த மதிப்பைவிட அதிகம்.

ஆலையிலும் கடையிலும்

உற்பத்தித் துறைக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. ஒன்று, நிறுவனங்கள் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்குகள். மற்றொன்று ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பு. மின்சாரம் பயன்படுத்தி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளும், மின்சாரம் இல்லாமல் 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளும் அதில் வரும். 2015 ஜனவரியில் 2011-12ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது ஒப்பிட வைத்துக்கொள்ளும் ஆண்டாக, கொண்ட ஜிடிபி வரிசை வந்தபோது, நிறுவனக் கணக்குகள் முதன்மைத் தரவாயின. ஆலைக்குள் நடப்பது மட்டுமின்றி, அதே நிறுவனத்தின் தலைமையகம், விற்பனைப் பிரிவு ஆகியவற்றின் மதிப்பும் உற்பத்தித் துறையில் சேர்ந்தது. இப்படி அளவுகோல் மாறியதால் அட்டவணையில் உற்பத்தித் துறையின் பங்கு ஏறி, வணிகத்தின் பங்கு இறங்கியது. இதற்காக எந்த ஆலையிலும் ஒரு பொருள்கூடக் கூடுதலாகத் தயாராகவில்லை.

விலையேற்றத்தை நீக்கி உண்மை வளர்ச்சியைக் காண்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஓர் ஆலை கடந்த ஆண்டு 70 ரூபாய்க்கு மூலப்பொருள் வாங்கி 100 ரூபாய்க்குச் சரக்கு விற்றது, மிச்சம் 30. இந்த ஆண்டும் அதே அளவு மூலப்பொருள், அதே அளவு சரக்கு. மூலப்பொருள் விலை 10% விழுந்து 63 ஆனது, சரக்கின் விலை 3% விழுந்து 97 ஆனது. மிச்சம் இப்போது 34. இந்த 34ஐச் சரக்கின் விலைக் குறியீட்டால் மட்டும் திருத்தினால் சுமார் 35 வரும், அதாவது 17% வளர்ச்சி! சரக்கையும் மூலப்பொருளையும் தனித்தனியாக அவற்றின் விலைகளால் திருத்திக் கழித்தால் 100லிருந்து 70 போக அதே 30, வளர்ச்சி சுழியம். முதல் முறையை ஒற்றை விலைத்திருத்தம் என்றும் இரண்டாவதை இரட்டை விலைத்திருத்தம் என்றும் சொல்வார்கள். 2011-12 வரிசையில் வேளாண்மைக்கு இரட்டைத் திருத்தமும் உற்பத்தித் துறைக்குப் பெரும்பாலும் ஒற்றைத் திருத்தமும் இருந்தன. 2014 முதல் 2016 வரை கச்சா எண்ணெய் விலை சரிந்த காலத்தில் உற்பத்தித் துறை வளர்ச்சி மிகையாகத் தெரிந்தது என்ற விமர்சனத்துக்கு வேர் இங்கேதான்.

கட்டுமானத்தில் யாரும் கட்டடங்களை எண்ணுவதில்லை. சிமென்ட், இரும்பு, செங்கல், மரம் ஆகியவை நாட்டில் எவ்வளவு கிடைத்தன என்று பார்த்து, அவற்றிலிருந்து கட்டுமானத்தின் மதிப்பைப் பின்னோக்கி வருவிக்கிறார்கள். நிலத்தின் விலை இதில் கிடையாது. பழைய வீடு கைமாறினாலும் அதன் விலை சேராது, தரகரின் கமிஷன் மட்டும் சேவையாகச் சேரும்.

தெருக்கடை, தையற்கடை, தள்ளுவண்டி, சிறு பட்டறை ஆகியவற்றில்தான் கணக்கு மிகவும் தளர்கிறது. 2023-24 கணக்கெடுப்பின்படி வேளாண்மை சாராத, கம்பெனியாகப் பதிவாகாத இத்தகைய அமைப்புகள் 7 கோடிக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோரிடம் தாக்கல் செய்த கணக்கு இல்லை. 2011-12 வரிசையில் 2010-11இல் நடந்த மாதிரிக் கணக்கெடுப்பை அடித்தளமாக வைத்து, பின்வந்த ஆண்டுகளுக்கு வேறு குறியீடுகளைக் கொண்டு நீட்டினார்கள். பெரிய நிறுவனங்கள் வளரும் வேகத்திலேயே சிறியவையும் வளரும் என்று எடுத்துக்கொண்டால், சாதாரண ஆண்டுகளில் பெரிய பிழை வராது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் போல ரொக்கத்தில் நடக்கும் தொழிலை மட்டும் அடிக்கும் ஒன்று வந்தால், அடிபட்டவருக்கு அடிபடாதவரின் வளர்ச்சியைக் கொடுத்ததாக முடியும். 2021-22 முதல் இந்தக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் நடப்பது இந்தக் குறையைப் பெருமளவு போக்கக்கூடிய மாற்றம்.

வங்கிக்கு மிச்சம் எது? கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சேவைக் கட்டணமாகக் கொள்கிறார்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவர் தனக்குத்தானே வாடகை கொடுப்பதாகக் கருதி அதையும் சேவைத்துறையில் சேர்க்கிறார்கள். அரசு நிர்வாகத்துக்குச் சந்தை விலையே கிடையாது. ஆகவே ஊழியர் ஊதியமும் தேய்மானமும்தான் அதன் பங்கு. ஊதியக் குழுப் பரிந்துரை அமலாகும் ஆண்டில், அலுவலகத்தில் ஒரு கோப்புகூடக் கூடுதலாக நகராமலே நடப்பு விலையில், அதாவது அந்தந்த ஆண்டின் விலையில், இந்தத் துறையின் பங்கு உயரும்.

அட்டவணையைப் படிக்கும்போது

17.7% என்பது நடப்பு விலையில். விலையேற்றத்தை நீக்கி 2011-12இன் நிலையான விலையில் பார்த்தால் அதே 2023-24இல் வேளாண்மையின் பங்கு சுமார் 14.5% மட்டுமே. உற்பத்தித் துறைக்குத் தலைகீழ்: நடப்பு விலையில் சுமார் 14%, நிலையான விலையில் சுமார் 17%. இடைப்பட்ட ஆண்டுகளில் வயல் பொருளின் விலை ஆலைப் பொருளின் விலையைவிட வேகமாக ஏறியதன் விளைவு இது. தொலைக்காட்சி விவாதத்தில் இருவர் வேறு வேறு எண்களைச் சொல்லிச் சண்டை போட்டால், இருவருமே சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

வளர்ச்சியில் ஒரு துறையின் கை எவ்வளவு என்று பார்க்க, முந்தைய ஆண்டில் அதன் பங்கையும் இப்போதைய வளர்ச்சி வீதத்தையும் பெருக்க வேண்டும். ஊரடங்குக் காலமான 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டின் முதல் மதிப்பீட்டில் ஜிவிஏ 22.8% சரிந்தது. கட்டுமானம் 50.3%, வணிகம், உணவகம், போக்குவரத்துப் பிரிவு 47%, உற்பத்தி 39.3% வீழ்ந்தன. வேளாண்மை மட்டும் 3.4% வளர்ந்தது. ஆனால் முந்தைய ஆண்டின் அதே காலாண்டில் அதன் பங்கு ஏறக்குறைய 13% என்பதால், பெருக்கினால் கிடைப்பது அரைப் புள்ளிக்கும் குறைவு. ‘வேளாண்மை பொருளாதாரத்தைத் தாங்கிப் பிடித்தது’ என்று அப்போது எழுதியவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்தது என்பது உண்மை, அது வேறு கணக்கு.

பங்கை வேலைவாய்ப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் முழு அர்த்தம் வருகிறது. 2023-24இல் வேலை செய்பவர்களில் 46.1% பேர் வேளாண்மையில் இருந்தார்கள். 46 பேர் சேர்ந்து 17.7ஐ உருவாக்க, மீதி 54 பேர் 82.3ஐ உருவாக்குகிறார்கள். ஓர் ஆளுக்குச் சராசரி போட்டால் வேளாண்மைக்கு வெளியே இருப்பவரின் கூட்டு மதிப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

அட்டவணையை எடுத்ததும் எந்த மதிப்பீடு என்று மேலே பார்த்துவிடுங்கள். ஜனவரியில் வரும் முதல் முன்கூட்டிய மதிப்பீடு பட்ஜெட்டுக்காக ஆண்டு முடியும் முன்பே போடப்படுவது. அப்போது கையில் இருப்பவை சிமென்ட், சரக்கு ரயில், வாகன விற்பனை, வங்கிக் கடன் போன்ற அறிகுறிகள்தான். நிறுவனக் கணக்குகளும் கணக்கெடுப்புகளும் வந்து சேர்ந்த பிறகு எண்கள் மேலும் சில முறை திருத்தப்படும். அடிப்படை ஆண்டு மாறும்போது மொத்த வரிசையுமே மாறும். பழைய வரிசையின் பங்கையும் புதிய வரிசையின் பங்கையும் பக்கத்தில் வைத்து ‘இத்தனை புள்ளி கூடிவிட்டது’ என்று எழுதினால், அளவுகோல் மாறியதையும் வளர்ச்சியாக எண்ணியதாகிவிடும்.