யுபிக்விட்டின்: ‘மரண முத்தம்’ வேண்டாம், சிதைகுறி போதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவியின் நோட்டில் ‘யுபிக்விட்டின் = மரண முத்தம்’ என்று சிவப்பு மையில் இருந்தது. ஏதோ வீடியோவில் கேட்டதாம். இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை.

பெயர் வந்த கதை சின்னது. லத்தீனில் ‘யுபிக்வே’ என்றால் எங்கும். எங்கும் காணப்படுவதால் இந்தப் பெயர். 1975இல் கோல்ட்ஸ்டீன் என்கிற விஞ்ஞானியின் குழு கண்டெடுத்த, 76 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். மடிப்பு பிசகிய புரதத்தின்மேல் மூன்று நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி இதை ஒட்டும். நான்கைந்து சேர்ந்து சங்கிலியானால், செல்லுக்குள் இருக்கும் புரோட்டியசோம் என்கிற பீப்பாய்க்குள் அந்தப் புரதச் சரக்கு போய்த் துண்டாகும். இதைக் கண்டு சொன்ன சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல்.

இதில் முத்தம் எங்கே வந்தது? முத்தமிட்டு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நினைத்து ஆங்கிலத்தில் சொல்கிற வழக்கு அது. ராயபுரத்து மாதா கோயில் பிள்ளைகளுக்காவது யூதாஸ் நினைவுக்கு வருவான். மற்றவர்களுக்கு சினிமாப் பெயர் மாதிரிதான் கேட்கும். மூலத்தில் உவமை ஒன்றைக் கண்டுவிட்டால் பொருளை விட்டுவிட்டு உவமையைப் பெயர்ப்பது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தீராத வியாதி.

பொருளும் தப்பு. எங்கள் பேட்டையின் பெயரிலேயே விடை இருக்கிறது. வெளுக்க வந்த துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாறால் புள்ளியும் கோடுமாகக் குறி வைப்பார்கள். புள்ளி எத்தனை, கோடு எந்தப் பக்கம் என்பதை வைத்துத்தான் துணி எந்த வீட்டுக்கு என்று தெரியும். யுபிக்விட்டினும் அப்படித்தான். அதன் 48ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்கிற அமினோ அமிலம் வழியாகக் கோத்த சங்கிலி சிதைக்கச் சொல்கிறது. 63ஆவது இடத்து லைசின் வழியாகக் கோத்தது டிஎன்ஏ பழுதுபார்ப்பு மாதிரி வேறு வேலைக்கு. எல்லாவற்றுக்கும் மரணம் என்று பெயர் வைத்துவிட்டால் இந்த இரண்டாவதை என்னவென்று சொல்வது?

மூலக்கூறு யுபிக்விட்டினாகவே இருக்கட்டும். ஒட்டுவது குறி, சிதைக்கச் சொல்லும் சங்கிலி சிதைகுறி. சுடுகாடு, ஊறுகாய் போல வினைத்தொகை. புரோட்டியசோமை வகுப்பில் காயலான் கடை என்பேன். அங்கே உடைந்த துண்டுகள் பிறகு அமினோ அமிலங்களாகி மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

ஒரு இடறல் உண்டு. துணிக்குறி துணியோடே கிடக்கும். யுபிக்விட்டினையோ பீப்பாயின் வாசலிலேயே கழற்றி அடுத்த சரக்குக்கு வைத்துக்கொள்வார்கள். இதைச் சொன்னதும், “அப்போ சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன் சார்” என்றாள் அந்த மாணவி. என் குறியைவிடப் பொருத்தம்தான். இருந்தாலும் சிவப்பு மையை அடித்துவிட்டு சிதைகுறி என்றே எழுதச் சொன்னேன்.