அலர்ஜி: ஒவ்வாமையா, ‘சேராது’ என்பதா?

‘பிள்ளைக்கு முட்டை அலர்ஜி’ என்று நெல்லைப் பக்கம் இப்போது ஆச்சிமாரும் சொல்கிறார்கள். அதையே ‘முட்டை சேராது’ என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

1906-இல் வியன்னா குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபோன் பிர்கே உருவாக்கிய சொல் அலர்ஜி. கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’ என்றால் வேறு, ‘எர்கான்’ என்றால் செயல். குதிரை ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் ஊசியை இரண்டாம் முறை போட்ட பிள்ளைகளுக்கு எதிர்விளைவு சீக்கிரமே வந்தது. ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல் அடுத்த முறை வேறு மாதிரி நடந்துகொள்வதற்கு அவர் வைத்த பெயர் இது.

தமிழில் ஒவ்வாமை. ‘ஒவ்வு’ என்றால் பொருந்து, ஒப்பாகு. ‘சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்’ என்ற குறளில் இருப்பதும் இந்த ஒவ்வாதான். அங்கே சமமாகாது என்று பொருள்.

‘சேராது’ என்பதோ பெரிய கூடை. கத்தரிக்காய் கரப்பான் (தோல் அரிப்பு நோய்) பண்டம் என்று ஒதுக்குவதும் அதில்தான், பால் குடித்தால் வயிறு ஊதுவதும் அதில்தான். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்தால் அது செரியாமை. உணவின் புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாக எடுத்துக்கொண்டால்தான் ஒவ்வாமை. பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் காணாக்கடி போலத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வரும். மூச்சு இரைத்தாலோ பிள்ளை துவண்டாலோ கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி.

பால் ஒவ்வாமை என்றால் மாட்டுப்பால், எருமைப்பால், ஆட்டுப்பால். சொதிக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் அந்தக் கணக்கில் வராது. அல்வாவின் கோதுமைப்பாலும் வராது. ஆனால் கோதுமை ஒவ்வாத பிள்ளைக்கு அல்வாவே ஆகாது.

சரி, வராமல் தடுக்க முடியுமா? பயந்துபோய் ஒரு வயது, இரண்டு வயது வரை முட்டையையும் கடலையையும் தள்ளிப்போடுவதுதான் பழைய வழக்கம். மருத்துவர்களே அப்படிச் சொன்ன காலமும் உண்டு. 2015-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. கரப்பான் கடுமையாகவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்கு 4 முதல் 11 மாதத்துக்குள் நிலக்கடலை கொடுக்கத் தொடங்கி, 5 வயது வரை விடாமல் கொடுத்தார்கள். கடலையே கொடுக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைந்தது.

ஆகவே ஆறு மாதத்தில் கஞ்சி தொடங்கியபின் நன்றாக வெந்த முட்டையையும், மையாக அரைத்துக் கரைத்த வறுத்த நிலக்கடலையையும் ஒவ்வொன்றாகப் பழக்கலாம். ஒத்துக்கொண்டால் வாரந்தோறும் தொடர வேண்டும்; ஒருமுறை கொடுத்துவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. தாய்ப்பாலும் கூடவே போகட்டும். கரப்பான் கடுமையாகவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள பிள்ளைக்கு முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுக் கடலையும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஐந்து வயதுக்கு மேல்தான். அது ஒவ்வாமைக்காக அல்ல, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.